அவசரத்துக்கு எந்த வாசல்? கொழும்பு பெரியாஸ்பத்திரி எங்களுக்குச் சொல்லும் வரலாறு

  பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வயசாளிகள் இருந்தால் கடைசிப் பகுதியையாவது அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு நானாவுக்கு இஷாவுக்குப் பிறகு நெஞ்சு நோ வந்தது. வீட்டில் எல்லோரும் "காஸ்தான்" என்றார்கள். இஞ்சிப் பிளேன்டீ குடிக்கக் கொடுத்தார்கள். அரை மணித்தியாலம் போனது. வியர்வை கொட்டத் தொடங்கியதும் பிள்ளைகள் பயந்து எங்களைக் கூப்பிட்டார்கள். த்ரீவீலரில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த சின்னத் தனியார் இடம் ஒன்றுக்குப் போனோம். அந்த நேரத்தில் அங்கே ஈ.சீ.ஜீ. எடுக்க ஆள் இல்லை. அங்கிருந்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஓடினோம். அவசரம்தானே என்று விபத்துப் பிரிவின் வாசலில் இறக்கினோம். "இது விழுந்த, அடிபட்ட ஆட்களுக்கு. நெஞ்சு நோவுக்கு மற்ற வாசல்" என்றார்கள். மறுபடியும் ஏற்றி, சுற்றிப் போய், மற்ற வாசலில் இறக்கினோம்.

உள்ளே டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு நோ தொடங்கியது?" ஐந்து பேர் கூடப் போயிருந்தோம். ஒருவருக்கும் சரியான பதில் தெரியவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், நானா உயிரோடு இருக்கிறார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. முன்பு சுபஹுக்கு நடந்து பள்ளிக்குப் போனவர், இப்போது மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கி நிற்கிறார்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒருவர் கேட்டார்: "சேர், அவசரம் எண்டா அவசரம்தானே. என்னத்துக்கு ரெண்டு வாசல்?"

வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடி வாசித்தோம். பதில் வரலாற்றில்தான் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

*

நாங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் கொழும்பு பொது வைத்தியசாலை 1864இல் தொடங்கியது. 1870இல் மருத்துவக் கல்லூரி அதன் ஒரு வார்டில்தான் ஆரம்பமானது. 1995இல் அதன் பெயர் இலங்கை தேசிய வைத்தியசாலை ஆனது. இன்று 3,000க்கும் மேற்பட்ட கட்டில்கள் உள்ள, நாட்டின் மிகப் பெரிய ஆஸ்பத்திரி அது.

ஆனால் அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் "அவசரப் பிரிவு" என்ற ஒன்று உலகத்தில் எங்கேயும் இருக்கவில்லை. நோயாளி வந்தால் வாசலில் ஒரு அறை. அங்கே அனுபவம் குறைந்த இளம் டொக்டர் ஒருவர். அவர் பார்த்து வார்டுக்கு அனுப்புவார். வார்டில் பெரிய டொக்டர் வரும்வரை நோயாளி காத்திருப்பார். காத்திருக்க முடியாத நோயாளி இறந்துபோவார். அன்றைய நிலைமை அவ்வளவுதான்.

அவசரத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணம் முதலில் போர்க்களத்தில்தான் வந்தது. எங்கள் மார்க்க வரலாற்றிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ் யுத்தத்தில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் காயப்பட்டபோது, பராமரிப்பதற்காக மஸ்ஜிதுக்குள்ளேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயப்பட்டோரைக் கவனித்த ருஃபைதா (ரழி) அவர்களின் பெயரும் ஸீரா நூல்களில் வருகிறது. காயப்பட்டவரைத் தூரத்துக்கு அனுப்பாமல், ஆட்கள் கூடும் இடத்துக்குப் பக்கத்திலேயே பராமரிப்பை வைத்தார்கள்.

பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, நெப்போலியனின் படையில் இருந்த டொமினிக் லாரே என்ற பிரெஞ்சு சத்திர சிகிச்சை வைத்தியர் இரண்டு காரியங்களைச் செய்தார். சண்டை முடியும்வரை காத்திருக்காமல், குதிரை வண்டிகளில் காயப்பட்டவர்களை உடனே எடுத்து வந்தார். அடுத்ததாக, தளபதியா சாதாரண சிப்பாயா என்று பாராமல், யாருடைய காயம் ஆபத்தானதோ அவரை முதலில் பார்த்தார். ட்ரியாஜ் என்று இன்று சொல்கிற ஒழுங்கின் வேர் இதுதான். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டியவர். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கக் கூடியவர். பச்சை என்றால் நடந்து வரக் கூடியவர், காத்திருக்கலாம்.

இதை எங்கள் ஆட்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். "நாங்கள் முதலில் வந்தோம், அவர் பிறகு வந்தார், அவரை முதலில் பார்க்கிறார்களே" என்று தாதியோடு சண்டை பிடிப்பவர்களை நாங்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால், நாங்களும் அப்படிச் சண்டை பிடித்திருக்கிறோம். அவசரப் பிரிவில் வரிசை, வந்த நேரத்தைப் பொறுத்ததல்ல. உங்களைக் காக்க வைக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் அது நல்ல செய்தி.

இரண்டாவது உலக யுத்த காலத்தில், 1941இல், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் விபத்துக்கென்றே தனி ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. தொழிற்சாலைகளில் அடிபட்டவர்களும் குண்டில் காயப்பட்டவர்களும் அங்கே போனார்கள். உடைந்த எலும்பு, தீக்காயம், இரத்தப் போக்கு, இவற்றுக்கெல்லாம் ஒரே கூரையின் கீழ் தேர்ந்த ஆட்கள். 1962இல் பிரித்தானியாவில் பிளாட் அறிக்கை என்று ஒன்று வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பழைய "கெஷுவல்டி" அறைகளை "விபத்து மற்றும் அவசரப் பிரிவு" என்று மாற்றி, பொறுப்பான நிபுணர்களை அங்கே வைக்க வேண்டும் என்று அது சொன்னது.

எங்கள் நாட்டு டொக்டர்களில் பலர் அந்தக் காலத்தில் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போய் வந்தவர்கள். அந்த முறை இங்கேயும் வந்தது. பெரியாஸ்பத்திரியில் விபத்துச் சேவைப் பிரிவு உருவானது. லிப்டன் சுற்றுவட்டத்தில் சிவப்பும் வெள்ளையுமாக, கோட்டை மாதிரி நிற்கும் பழைய கட்டடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது எட்வர்ட் ஸ்கின்னர் வரைந்து, 1906இல் திறந்த விக்டோரியா ஞாபகார்த்தக் கண் ஆஸ்பத்திரி. கண் ஆஸ்பத்திரி புதிய கட்டடத்துக்குப் போன பிறகு, விபத்துப் பிரிவு சில காலம் அந்தப் பழைய கட்டடத்தில் இயங்கியது.

கவனியுங்கள். வந்தது விபத்துக்கான பிரிவு. எலும்பு, காயம், தலை அடி, தீ. அதை வளர்த்தவர்கள் சத்திர சிகிச்சை வைத்தியர்களும் எலும்பு முறிவு வைத்தியர்களும். மாரடைப்பு, பக்கவாதம், மூச்சுத் திணறல் எல்லாம் ஓ.பீ.டீ. வழியாக மருத்துவ வார்டுக்குப் போயின. எங்கள் மாணவர் கேட்ட இரண்டு வாசலின் தொடக்கம் இதுதான்.

*

பிறகு யுத்த காலம் வந்தது. யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பது வேறு பாடம். காயப்பட்டவர்கள் எந்த வாசலுக்குப் போனார்கள், அந்த வாசல் தயாராக இருந்ததா என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

1987 ஏப்ரல் 21. புறக்கோட்டை மத்திய பஸ் நிலையம். வீடு போகிற நேரம் குண்டு வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைவிட அதிகமானோர் காயப்பட்டார்கள்.

1996 ஜனவரி 31. நோன்பு மாதம். காலையில், குண்டு நிரப்பிய லொறி மத்திய வங்கிக் கட்டடத்தில் மோதியது. 91 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 1,400 பேர் காயப்பட்டார்கள். கோட்டையில் இருந்த உயரமான கட்டடங்களின் கண்ணாடிகள் நொறுங்கி ஆட்களின் முகத்தில் பாய்ந்தன. சுமார் நூறு பேருக்குக் கண் பார்வை போனது.

அதே வருடம் ஜூலை 24. பின்னேரம் வேலை விட்டுப் போகிற கோச்சி, தெஹிவளை ஸ்டேஷனில் நின்றபோது பெட்டிகளில் குண்டுகள் வெடித்தன. 64 பேர் இறந்தார்கள். நானூறு பேருக்கு மேல் காயப்பட்டார்கள். வெள்ளவத்தை ஆட்களுக்கு அது அடுத்த ஸ்டேஷன். அன்று பின்னேரம் கோச்சியில் வரவேண்டிய வாப்பாவையும் நானாவையும் எதிர்பார்த்து வாசலில் நின்ற பிள்ளைகள், இன்று எங்கள் வயதில் இருக்கிறார்கள். தெஹிவளைக்கு மிகக் கிட்ட இருக்கும் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி களுபோவில.

இப்படியான நாட்களில் ஒரு அவசரப் பிரிவுக்கு என்ன நடக்கிறது என்பதை உலகம் முழுவதும் ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான். முதலில் வந்து சேருகிறவர்கள் அதிகம் காயப்படாதவர்கள். அவர்களால் நடக்க முடியும், கிடைத்த வாகனத்தில் ஏற முடியும். எல்லோரும் ஆகக் கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போகிறார்கள். கட்டில்கள் நிரம்புகின்றன. அதற்குப் பிறகுதான் உண்மையில் சாகப் போகிறவர் தூக்கிக்கொண்டு வரப்படுகிறார். அவருக்கு இடம் இல்லை. பின்னாலேயே சொந்தக்காரர், பார்வையாளர், பத்திரிகைக்காரர், அரசியல்வாதி எல்லோரும் வாசலை அடைத்து நிற்கிறார்கள்.

அதனால்தான் தயார் நிலை என்பதற்கு நல்ல டொக்டர்கள் மட்டும் போதாது. வாசலிலேயே ட்ரியாஜ் செய்ய அனுபவம் உள்ள ஒருவர் நிற்க வேண்டும். பச்சை ஆட்களுக்கு வேறு இடம் ஒதுக்க வேண்டும். அம்பியுலன்ஸ் ஒரு வழியால் வந்து மற்ற வழியால் வெளியேற வேண்டும். இரத்தம், ஒட்சிசன், ஒபரேஷன் தியேட்டர் மூன்றையும் ஒரே ஆள் கட்டளையிட்டு நடத்த வேண்டும். பெயர்ப் பட்டியலை வெளியே ஒரு இடத்தில் ஒட்ட வேண்டும், சொந்தக்காரர் உள்ளே ஓடாமல் இருக்க. இவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். கொழும்பு விபத்துப் பிரிவின் டொக்டர்களும் தாதிமாரும் சிற்றூழியர்களும் இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் இரத்தத்தில் படித்தார்கள்.

*

2019 ஏப்ரல் 21. தேதியைப் பாருங்கள். புறக்கோட்டைக் குண்டுக்குச் சரியாக 32 வருடங்கள். உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள். நாடு முழுவதும் 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஐந்நூறு பேரளவில் காயப்பட்டார்கள்.

கொட்டாஞ்சேனை ஆட்களுக்கு நாங்கள் புதிதாக என்ன சொல்வது? அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தப் போகாத சாதி மதம் அந்தப் பகுதியில் இல்லை. எங்கள் உம்மாமார்கூட நேர்ச்சை வைத்து அந்த வாசலில் நின்றிருக்கிறார்கள். அன்று குண்டு வைத்தவர்களுக்கோ எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்கள் இருந்தன. காயப்பட்ட அயலவரைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போகவும் கூசியது, போகாமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை.

எங்களில் சிலர் நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்குப் போனோம். நீண்ட வரிசை. காவி உடுத்த தேரர்களும், சிலுவை போட்டவர்களும், பொட்டு வைத்தவர்களும், தொப்பி போட்டவர்களும் அதில் நின்றார்கள். படிவத்தில் பெயர் எழுதும்போது எங்கள் கை நடுங்கியது. தாதி படிவத்தை வாங்கி, இரத்த வகையைக் கேட்டார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

அந்த நாளைப் பற்றி எங்களுக்குப் பேச எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நாங்கள் மறக்கக் கூடாத ஒன்று இது. அந்த வருடங்களில் பல வாசல்கள் எங்களைப் பார்த்துச் சந்தேகத்தோடு மூடின. பெயரைப் பாராமல் காயத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே வைத்திருக்கும் வாசல் அவசரப் பிரிவின் வாசல். அதைக் காப்பாற்றுவது எல்லோரையும்விட எங்களுக்கு அதிகம் கடமை.

அடுத்த மாதம், 2019 மே மாதத்தில், உலக சுகாதார மாநாடு அவசர சிகிச்சை பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது. அவசர சிகிச்சை என்பது பொதுச் சுகாதார சேவையின் அடிப்படைப் பகுதி, எல்லா நாடுகளும் அதற்கென்று ஒழுங்கான அமைப்பை உருவாக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

*

இலங்கையும் சும்மா இருக்கவில்லை. 2010களில் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அவசர மருத்துவத்தைத் தனித் துறையாகப் படிப்பிக்கத் தொடங்கியது. விபத்தையும் திடீர் நோயையும் ஒரே வாசலில் ஏற்று, ட்ரியாஜ் செய்து, அந்த இடத்திலேயே சிகிச்சையைத் தொடங்கும் பிரிவுகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் கட்ட வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் கொள்கையாகவும் ஆனது. ஆனால் கட்டடம், ஆள், காசு மூன்றும் வேண்டும். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டையும், டொக்டர்கள் வெளிநாடு போனதையும் எல்லோரும் பார்த்தோம். ஆகவே சில இடங்களில் ஒரே வாசல் வந்துவிட்டது, சில இடங்களில் இன்னும் இரண்டு. மாணவருக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "மகன், முதல் வாசலைக் காயம் கட்டியது. மற்ற வாசல் பிந்தி வந்தது. இரண்டையும் சேர்க்கிற வேலை இன்னும் முடியவில்லை."

மிகப் பெரிய மாற்றம் வாசலுக்கு வெளியே நடந்தது. 2016 ஜூலையில் இந்திய அரசாங்கத்தின் நன்கொடையோடு 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வாகனங்களோடு தொடங்கியது. அப்போது எதிர்ப்பும் இருந்தது. 2018இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தனி மன்றமாகி, பிறகு நாடு முழுவதும் பரவியது. அதற்கு முன்பு கொழும்பில் மாநகர சபைத் தீயணைப்புப் படையின் 110 இருந்தது. ஆனால் சாதாரண மக்களுக்கு அவசரம் என்றால் த்ரீவீலர்தான். 1990க்கு அழைத்தால் காசு இல்லை. உள்ளே பயிற்சி பெற்ற ஆளும் ஒட்சிசனும் இருக்கும். எந்த ஆஸ்பத்திரியின் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் நானாவின் கதையில் இந்த நம்பர் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆசிரியர்களான எங்களுக்கும்தான். உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட தரம் ஒன்று இருக்கிறது: நெஞ்சு நோவோடு வருகிறவருக்கு ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்துப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சீ.ஜீ. எடுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரி பொறுப்பு. வாசலுக்கு வருவதற்கு முன்பு நாங்கள் இழந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு யார் பொறுப்பு? நாங்கள்தான்.

*

ஆகவே வரலாற்றில் இருந்து சில வீட்டு வேலைகள்:

1. 1990, 110 இரண்டையும் இன்றே போனில் பதியுங்கள். குசினிச் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். போன் இல்லாத உம்மம்மாவுக்கும் தெரிய வேண்டும்.

2. நெஞ்சு நோ, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், மூச்சுத் திணறல்: இவற்றுக்குப் பிளேன்டீ மருந்தல்ல. முதலில் மணியைப் பாருங்கள். தொடங்கிய நேரத்தைக் கடதாசியில் எழுதுங்கள். பிறகு உடனே அழையுங்கள்.

3. உங்களுக்குக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் காயத்துக்கு எந்த வாசல், திடீர் நோய்க்கு எந்த வாசல், சின்னப் பிள்ளையை எங்கே கொண்டுபோவது என்று சுகமாக இருக்கும் ஒரு நாளில் போய்ப் பாருங்கள். தனியார் இடம் என்றால், இராத்திரி டொக்டரும் ஈ.சீ.ஜீ.யும் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

4. குடிக்கிற மருந்துகளின் பெயர், ஒவ்வாமை, பழைய நோய்கள், இவற்றை ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள்.

5. நோயாளியோடு இரண்டு பேர் போதும். ஒழுங்கையே திரண்டு போக வேண்டாம். மற்றவர்கள் வீட்டில் இருந்து துஆ செய்யுங்கள், பிள்ளைகளைப் பாருங்கள்.

6. காலி வீதியில் அம்பியுலன்ஸ் சத்தம் கேட்டால் ஒதுங்குங்கள். அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு முந்திப் போகாதீர்கள். ஜும்ஆ நேரம் பள்ளிக்கு முன்னாலும், திருநாள் நேரம் கோவிலுக்கு முன்னாலும் வாகனம் நிறுத்துகிறவர்களுக்கு இதை விசேடமாகச் சொல்கிறோம்.

7. பள்ளி நிர்வாகங்கள், ஆலய சபைகள், பங்குச் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரிக்கு உதவ நினைத்தால், முதலில் அங்கே போய் "உங்கள் அவசரப் பிரிவுக்கு என்ன குறை?" என்று கேளுங்கள். பெயர் பொறித்த பலகையைவிட, தள்ளிக்கொண்டு போக நல்ல சில்லுள்ள ஒரு ட்ரொலி அங்கே பெறுமதி கூடியது.

எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இந்தத் தவணையில் ஒரு வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இருந்து ஆஸ்பத்திரியின் சரியான வாசலுக்குப் போகும் வழியைப் படமாக வரைந்து, வீட்டுக் கதவில் ஒட்டுகிறார்கள். நானாவின் பேத்தியும் அந்த வகுப்பில்தான் இருக்கிறார். அவர் வரைந்த படத்தில் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்றுக்கு "விழுந்தால்" என்றும், மற்றதுக்கு "வாப்பும்மாவுக்கு" என்றும் எழுதியிருக்கிறார். நானாவைப் பற்றிக் கேட்டோம். "அவருக்கு வழி தெரியும் சேர், வாப்பும்மாவுக்குத்தான் தெரியாது" என்றார்.

படம் வரைந்து முடித்த பிள்ளைகளின் பெற்றோர், கீழே கொமென்டில் "ஒட்டிவிட்டோம்" என்று எழுதுங்கள். இந்தப் பதிவை உங்கள் ஒழுங்கை வட்ஸ்அப் குழுமத்திலும் போட்டுவிடுங்கள். அல்லாஹ் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.